அந்தத் தவளை எங்கடா?

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. இன்னைக்குப் பேசப்போற கேம் ஸ்பிரிட்ஃபேரர். இதை விளையாடணும்னு லிஸ்ட்ல வெச்சிருக்கிறவங்க இங்கேயே பாஸ் பண்ணிடுங்க. நான் சொல்லப்போறது இந்த கேம்ல இருக்கிறதுலயே பெரிய ஸ்பாய்லர். முடிச்சிட்டு வாங்க, எபிசோட் எங்கேயும் ஓடிப்போகாது.

போன எபிசோட் முடிக்கும்போது ஒரு கேள்வி கேட்டிருந்தேன். ஹீரோ சாகவே முடியாத ஒரு பிளாட்பார்மர் இருந்தால், அதில் பயப்பட என்ன இருக்கும்? நிறைய பேர், "ஒன்னுமே இருக்காது ப்ரோ, போரடிக்கும்"னு எழுதியிருந்தீங்க. நியாயமான பதில்தான். 2022 வரைக்கும் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பிளாட்பார்மர் என்கிற வகையே சாவை வெச்சுக் கட்டின வீடுதான். ஓடணும், தாவணும், பள்ளத்தில் விழுந்தால் செத்தோம். 1985ல வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் கையில மூணு உயிரைக் கொடுத்து அனுப்பி வெச்சது. அந்த மூணு உயிர் கணக்கு எங்கிருந்து வந்தது? ஆர்கேட் மெஷின்ல இருந்து. ஒரு காசு போட்டால் இத்தனை உயிர், தீர்ந்துபோனால் இன்னொரு காசு. அதாவது ஹீரோ சாகிறதுதான் கடைக்காரரோட வருமானம். காசு போடுற பெட்டி காணாமல் போய், கேம் நம்ம வீட்டு டிவிக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் போகவே இல்லை. கையெழுத்து மாறிப்போன பழைய கோட்ல, ஏன் இருக்குன்னே தெரியாமல் ஒரு வேரியபிள் சுத்திக்கிட்டே இருக்குமே, அந்த மாதிரி.

இதைக் கிண்டல் பண்ணின கேமும் உண்டு. 2001ல நின்டெண்டோ 64க்கு ரேர் கம்பெனி பண்ணின கான்கர்ஸ் பேட் ஃபர் டே. ஹீரோ ஒரு அணில். குடிச்சிட்டு வீட்டுக்கு வழி தெரியாமல் அலையிற அணில். முதல் தடவை அது செத்தவுடனே மேலோகத்துக்குப் போகும். அங்கே கிரெக்னு ஒரு யமன் வருவார். கறுப்பு அங்கி எல்லாம் சரிதான், ஆனால் ஆள் ரொம்பக் குட்டி. குரலும் கீச்சுக்குரல். அதை மறைக்க கையில ஒரு மெகாபோன் வெச்சிருப்பார். பூனைன்னாலே அவருக்கு ஆகாது, ஒன்பது உயிர் வெச்சுக்கிட்டு அவரோட கணக்கைக் குழப்புதாம். அணிலுக்கு எத்தனை உயிர்னா, அது எவ்வளவு ஏமாத்த முடியுமோ அவ்வளவு. அங்கங்கே தொங்குற வால்களைப் பொறுக்கிக்கிட்டு வந்தால் போதும், திரும்பத் திரும்பப் பொழைச்சிக்கலாம். யமனே வந்து கேமோட ரூல் புக்கை வாசிச்சுக் காட்டுற மாதிரி. சின்ன வயசுல எமுலேட்டர்ல இதை விளையாடி விழுந்து விழுந்து சிரிச்சிருக்கேன். (அம்மா அப்பா பக்கத்துல இருக்கும்போது விளையாடாதீங்க. வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான்.)

அப்புறம் 2018ல செலஸ்ட் வந்தது. அதில் எத்தனை தடவை செத்தோம்னு எண்ணிக் காட்டுவாங்க. அதை அவமானமா நினைக்காதீங்க, அவ்வளவு தூரம் கத்துக்கிட்டிருக்கீங்கன்னு ஒரு அட்டையும் காட்டுவாங்க. நல்ல மனசுதான். ஆனாலும் பாருங்க, அணிலோ மாரியோவோ செலஸ்ட்டோ, சாவு என்பது ரீஸ்டார்ட் பட்டன்தான். அரை செகண்ட்ல திரும்ப எழுந்து நிற்போம்.

சரி, இப்போ ஸ்பிரிட்ஃபேரர்.

இது 2020 ஆகஸ்ட்ல வந்தது. பண்ணினது கனடாவில் மாண்ட்ரியல்ல இருக்கிற தண்டர் லோட்டஸ் கேம்ஸ். இவங்க முதல் கேம் யோட்டுன், 2015. அதுலயும் செத்துப்போன ஒரு வைக்கிங் பெண்தான் ஹீரோயின். பெருமையில்லாத சாவு செத்துட்டதால, தெய்வங்கள்கிட்ட தன்னை நிரூபிக்க பூதங்களோட சண்டை போடுவாள். அடுத்தது 2017ல சண்டர்ட், அதுவும் அடிதடி. மூணாவது கேம்ல திடீர்னு கட்டிப்பிடிக்கிறதுக்குன்னு ஒரு பட்டனை வெச்சாங்க. சண்டை கிடையாது. ஹெல்த் பார் கிடையாது. நாம சாகவே முடியாது. எவ்வளவு உயரத்தில் இருந்து குதிச்சாலும் மெதுவா வந்து கால் ஊனும்.

கதை இதுதான். ஸ்டெல்லான்னு ஒரு பெண். அவளோட பூனை, பெயர் டாஃபோடில். ரெண்டு பேரும் இறந்தவர்களோட கடல்ல கண் விழிக்கிறாங்க. கிரேக்கக் கதைகள்ல கேரன்னு ஒரு படகோட்டி வருவார் இல்லையா, செத்தவங்களை ஆத்துக்கு அக்கரை சேர்க்கிறவர்? அவர் எதிரில் வந்து, எனக்கு ரிட்டயர்மென்ட், இனிமேல் இந்த வேலை உன்னுதுன்னு ஒப்படைச்சிட்டுப் போயிடுவார். அந்தக் காலத்துல கிரேக்கர்கள் படகுக்கூலிக்குன்னு செத்தவங்க வாயில ஒரு சின்ன நாணயம் வைப்பாங்க, அதுக்கு ஓபோல்னு பெயர். இந்த கேம்லயும் ஆன்மாக்கள் ஓபோல்தான் கொடுப்பாங்க. அதைக் கொண்டுபோய்க் கோவில் மாதிரி இருக்கிற இடங்கள்ல போட்டால் டபுள் ஜம்ப், தொப்பியைப் பிடிச்சுக்கிட்டு மிதக்கிறது, கம்பி மேல சறுக்கிப் போறதுன்னு ஒவ்வொரு வித்தையா கிடைக்கும். பிளாட்பார்மர் ஆளுங்களுக்குத் தேவையான எல்லாம் உண்டு. நடுக்கடல்ல பஸ் ஸ்டாப்பும் உண்டு. அதைப் பத்தி தனியா ஒரு எபிசோடே பண்ணலாம்.

ஆன்மாக்கள் ஒவ்வொருத்தரா நம்ம படகில் ஏறுவாங்க. ஏறினவுடனே ஒவ்வொருவரும் ஒரு மிருகமா தெரிவாங்க. க்வென் ஒரு மான், சிகரெட் பிடிச்சுக்கிட்டே நக்கலா பேசுற மான். ஆலிஸ் ஒரு முள்ளெலிப் பாட்டி. அதுல் ஒரு பெரிய குண்டுத் தவளை. அவங்களுக்கு வீடு கட்டித் தரணும், வேளாவேளைக்குச் சமைச்சுப் போடணும், கேட்டதை வாங்கிக் கொடுக்கணும். ஒரே சாப்பாட்டை அடுத்தடுத்து ரெண்டு தடவை கொடுத்தால் வாங்க மாட்டாங்க. நேத்து வெச்ச சாம்பாரா இதுன்னு கேட்கிற நம்ம வீட்டு ஆளுங்க மாதிரியே. கடைசியில அவங்களே ஒரு நாள், நான் தயார், கூட்டிட்டுப் போன்னு சொல்வாங்க. அப்போ பெரிய படகை நிறுத்திட்டு, சின்னத் துடுப்புப் படகில் அவங்களை உட்கார வெச்சு, எவர்டோர் என்கிற வாசலுக்குக் கூட்டிட்டுப் போகணும். தண்ணி முழுக்க செவப்பா இருக்கும். போற வழியில அவங்க பேசிக்கிட்டே வருவாங்க. மனசுல இருந்ததை எல்லாம். வாசல்கிட்ட ஒரு தடவை கட்டிப்பிடிக்கணும். அப்புறம் அவங்க வெளிச்சமா மாறி வானத்துல நட்சத்திரக் கூட்டமா ஆகிடுவாங்க. திரும்பி வரும்போது படகில் நாம மட்டும்.

அவங்க வீடு மட்டும் நம்ம பெரிய படகிலேயே இருக்கும். உள்ளே போனால் பூவா பூத்திருக்கும். அந்தப் பூவைப் பறிச்சு, ஆல்பர்ட்னு ஒரு சுறா நடத்துற கப்பல் பட்டறையில கொடுத்தால் கப்பலை அப்கிரேட் பண்ணிக்கலாம். முதல் தடவை எனக்கு இது கொஞ்சம் குமட்டிச்சு. செத்தவங்க பூவை வெச்சு அப்கிரேடா? அப்புறம் யோசிச்சால், அப்பா வாங்கிப் போட்ட வீட்டில் உட்கார்ந்துக்கிட்டுதான் நான் இந்த எபிசோடையே ரெக்கார்ட் பண்றேன். சரி, மேல போவோம்.

இந்த கேமை ரெண்டு பேர் சேர்ந்து விளையாடலாம். ஒருத்தர் ஸ்டெல்லா, இன்னொருத்தர் பூனை. எங்க வீட்டில் யார் எதுன்னு கேட்கவே தேவையில்லை. அக்கா ஸ்டெல்லா, நான் பூனை. தம்பியா பொறந்தவங்களுக்கு இது தெரியும், முதல் கன்ட்ரோலர் நம்ம கைக்கு வராது. பூனையா விளையாடுறதுல ஒரு வசதி உண்டு. முக்கியமான பேச்சுவார்த்தை எல்லாம் ஸ்டெல்லா பார்த்துப்பாள். நான் மீன் பிடிப்பேன், அடுப்பில் வெச்சது கருகுதான்னு பார்ப்பேன், கூரை மேல தாவித் திரிவேன். துக்க வீட்டில் சின்னப் பசங்களுக்கு ஒரு வேலை கொடுத்து வைப்பாங்களே, போய் சேர் எடுத்துப் போடுடா, தண்ணி பாட்டில் வந்துச்சான்னு பாருடான்னு. அந்த வேலைதான் டாஃபோடிலுக்கு. எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. ஏன்னா அதுக்கு முந்தின வருஷம் எங்க வீட்டு துக்கத்தில் எனக்கு அந்த வேலை கூடக் கிடைக்கலை.

2021 மே மாசம் எங்க மாமா இறந்துட்டார். அம்மாவோட தம்பி. செகண்ட் வேவ். அந்த மாசம் சென்னை எப்படி இருந்ததுன்னு இங்கே இருந்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆம்புலன்ஸ் சத்தத்தைத் தவிர தெருவில் வேற சத்தமே இல்லாத நாட்கள்.

மாமாவைப் பத்தி ஒன்னு சொல்றேன், ஆளைப் புரிஞ்சுப்பீங்க. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்குக் கறிக்கடைப் பையோட பெரம்பூர்ல இருந்து எங்க வீட்டுக்கு வந்திடுவார். வந்து ஹாலில் உட்கார மாட்டார். நேரா சமையலறைக்குப் போய், அம்மாவைத் தள்ளிவிட்டுட்டு, கொதிக்கிற குழம்புல கரண்டியை விட்டு உள்ளங்கையில ஊத்தி நக்கிப் பார்ப்பார். "அக்கா, உப்பு கம்மி." தினமும் உப்பு கம்மிதான். அவருக்கு பிபி இருந்தது. என்னை மாப்ளன்னுதான் கூப்பிடுவார். "மாப்ள, கம்ப்யூட்டர்ல என்னத்தை வேணா எழுது, முதல்ல வந்து சாப்பிடு." கிளம்பும்போது வாசலில் நின்னுக்கிட்டு அரை மணி நேரம் பேசுவார். போறேன்னு சொல்ல மாட்டார். போயிட்டு வர்றேன்தான்.

அட்மிட் ஆனப்போ யாரையும் உள்ளே விடலை. எங்கேயும் விடலை அப்போ. அம்மா தினமும் மதியம் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சாப்பாடு கட்டி, மேல பெயரும் வார்டு நம்பரும் எழுதின பேப்பரை ரப்பர் பேண்ட் போட்டு, என்கிட்ட கொடுத்து அனுப்புவாங்க. நான் கேட்ல கொடுத்துட்டு வருவேன். கடைசி நாள் ரசம் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். வறுவல் டப்பா தனி. மாமா முந்தின நாள் போன்ல வாய் செத்துப்போச்சுக்கா, காரமா ஏதாவது அனுப்புன்னு கேட்டிருந்தார். மூச்சு வாங்கிக்கிட்டேதான் பேசினார். நான் மதியம் ஒன்னரைக்கு டப்பாவைக் கொடுத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு போன் வந்தது. அடுத்த நாள் நேரா மின்மயானம். மாமா பையனும் இன்னும் மூணு பேரும்தான் போனாங்க. நாங்க வீடியோ காலில் பார்த்தோம். நெட்வொர்க் கட்டாகிக் கட்டாகி வந்தது. அவ்வளவுதான்.

அதுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்டில் யாரும் அதைப் பத்தி அதிகம் பேசலை. அம்மா ஞாயித்துக்கிழமை கறி சமைக்கிறதை நிறுத்திட்டாங்க. அப்பா கேட்கவும் இல்லை.

2022ல அக்கா பெங்களூர்ல இருந்து ஒர்க் ஃப்ரம் ஹோம்ல வந்திருந்தாள். ராத்திரி சாப்பிட்டுட்டு ஹால் டிவியில ஸ்விட்சைப் போட்டு நாங்க ரெண்டு பேரும் விளையாடுவோம். அந்த நேரம் சீரியல் பார்க்க முடியலைன்னு அம்மாவுக்குக் கோபம். ஆனாலும் எழுந்து போக மாட்டாங்க. பூண்டு உரிச்சுக்கிட்டு பக்கத்துல உட்கார்ந்திருப்பாங்க. மெதுவா கேள்வி வர ஆரம்பிச்சது. "இந்த மான் எதுக்குடா சிகரெட் பிடிக்குது?" "இந்தக் கிழவி என்ன வேணும்னு கேட்குது?"

தவளை வந்ததும் அம்மாவுக்கு வேற யாரும் தேவையில்லாமல் போயிட்டது. அதுல்னு பெயர், வடக்கே கேட்கிற பெயர். ஸ்டெல்லாவுக்கு அங்கிள். இங்கிலீஷ்ல அங்கிள்னா சித்தப்பாவா பெரியப்பாவா மாமாவான்னு யாருக்குத் தெரியும்? அம்மா ஒரே செகண்ட்ல முடிவு பண்ணிட்டாங்க, தாய்மாமன்னு. அதுலுக்கு எதைக் கொடுத்தாலும் சாப்பிடுவார். எப்பப் பார்த்தாலும் பசி. எப்பப் பார்த்தாலும் சிரிப்பு. சும்மா இருக்க மாட்டார், படகுல எதையாவது தட்டிக்கொட்டிக்கிட்டு இருப்பார். சாப்பாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சால் ஊர்க்கதை எல்லாம் வரும். நாங்க வேற ஏதாவது ஆன்மாவோட வேலையில இருந்தால் அம்மா குறுக்கே சொல்வாங்க: "அந்தத் தவளைக்கு முதல்ல ஏதாவது போடுங்கடா. பசியோட நிக்குது."

ஒரு கட்டத்துல அதுல் ஒரு பெரிய விருந்து வேணும்னு கேட்பார். குடும்பத்தோட எல்லாரும் ஒன்னா உட்கார்ந்து சாப்பிட்ட நாட்களை நினைச்சுக்கிட்டு. நாங்க ரெண்டு மூணு ராத்திரி அதுக்காகவே விளையாடினோம். பூனை, அதாவது நான், ஓடி ஓடி சாமான் சேர்த்தேன். அக்கா சமைச்சாள். படகில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வெச்சு சாப்பாடு போட்டோம். அதுல் அவ்வளவு சந்தோஷமா இருந்தார். அம்மாவும்தான். "வயிறு நிறைய சாப்பிட்டான்"னு சொல்லிட்டுப் படுக்கப் போயிட்டாங்க. நாங்க ஸ்டெல்லாவைத் தூங்க வெச்சோம். கேம்ல விடிஞ்சது.

அதுலைக் காணோம்.

முதல்ல நாங்க கவனிக்கவே இல்லை. காலையில எல்லாருக்கும் சாப்பாடு கொடுக்கிற ரவுண்ட்ல அக்காதான், "அதுல் எங்கடா?"ன்னு கேட்டாள். பூனையை வெச்சு நான் ஒவ்வொரு கூரையா ஏறித் தேடினேன். சமையலறை, தோட்டம், தறிக்கூடம், கப்பலோட மூக்கு நுனி வரைக்கும். எங்கேயும் இல்லை.

இங்கே என் தொழில் புத்தி வேலை செஞ்சது. இது பக். கண்டிப்பா பக். கேரக்டர் ஸ்பான் ஆகலை, இல்லைன்னா படகுக்கு வெளியே எங்கேயோ கடலுக்கு அடியில ஸ்பான் ஆகியிருக்கு. கேமை மூடித் திறந்தேன். இல்லை. வேற தீவுக்குப் போயிட்டு வந்தோம். இல்லை. ஸ்விட்சையே அணைச்சுப் போட்டேன். இல்லை. சேவ் ஃபைல் கரப்ட் ஆகியிருக்கும், கிளவுட்ல பழைய சேவ் இருக்கான்னு தேட ஆரம்பிச்சேன். ராத்திரி ஒன்னரை மணி. என் நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. இந்த கேம் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தது இல்லையா? ஒவ்வொரு ஆன்மாவும் தயார்னு சொல்லும், நாம கூட்டிட்டுப் போவோம், பேசுவோம், கட்டிப்பிடிப்போம். முன்னாடி போனவங்க எல்லாரும் அப்படித்தான் போனாங்க. நாங்க வேலையில இதைக் கான்ட்ராக்ட்னு சொல்வோம். ஒரு ஃபங்ஷன் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் திருப்பிக் கொடுக்கும்னு சொன்னால், கொடுத்தாகணும். கொடுக்கலைன்னா பக். ரிப்போர்ட் எழுதலாம்.

கடைசியில கூகுள் பண்ணினேன். அதுல் மிஸ்ஸிங், பக்? என்னைப் போலவே நிறைய பேர் அதே கேள்வியைக் கேட்டிருந்தாங்க. கிளிச்சா? சேவ் போயிடுச்சா? எங்கேயாவது தப்பு பண்ணிட்டேனா? எல்லா கேள்விக்கும் கீழே பதில் ஒன்னுதான். பக் இல்லை. அவர் போயிட்டார். அந்த விருந்துதான் கடைசி. எவர்டோர் கிடையாது, பேச்சு கிடையாது. அவர் வீட்டுக்குள் போய்ப் பாரு.

பூனை போய்க் கதவைத் திறந்தது. உள்ளே பூ.

இதை ஒரு டிசைனா நான் எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன். ஒரு டீம் மீட்டிங்கில் யாரோ ஒருத்தர் இதைச் சொல்லியிருக்கணும். இவ்வளவு அழகா ஒரு வழியனுப்பும் சடங்கைக் கட்டியிருக்கோம், அதில் ஒருத்தருக்கு மட்டும் அதைக் கொடுக்கக்கூடாதுன்னு. டெஸ்டிங் டீம் கண்டிப்பா சண்டை போட்டிருக்கும். ஆளுங்க பக்னு நினைப்பாங்க, ரீஃபண்ட் கேட்பாங்க. அப்படி நினைக்கட்டும்னு விட்டிருக்காங்க. நிக்கோலா கெரான் என்கிறவர்தான் கிரியேட்டிவ் டைரக்டர். டீமில் இருந்தவங்க தங்கள் குடும்பத்தில் இழந்தவர்களை மனசுல வெச்சுத்தான் இந்தக் கேரக்டர்களை உருவாக்கினாங்கன்னு தெரிஞ்ச பிறகு எனக்கு அது ஆச்சரியமா இல்லை. யாராவது ஒருத்தரோட வீட்டில் யாராவது ஒருத்தர் இப்படிப் போயிருப்பாங்க. கேமோட முடிவுக்கு வர்றப்போ இன்னொன்னும் புரியும். ஸ்டெல்லா உயிரோட இருந்தப்போ நர்ஸ், சாகப்போறவங்களைக் கவனிச்சுக்கிறவள். இந்த ஆன்மாக்கள் எல்லாம் அவள் குடும்பத்து ஆளுங்க, அவள் பார்த்துக்கிட்ட நோயாளிங்க. அத்தனை பேரைப் பக்கத்துல இருந்து வழியனுப்பினவளுக்கே ஒருத்தரை வழியனுப்பக் கிடைக்கலை.

ஆலிஸ் பாட்டி கதையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமா நினைவு போய், ஸ்டெல்லாவைத் தன் மகள்னு நினைச்சுக் கையைப் பிடிச்சுக்கிட்டு நடப்பார். அதைப் பார்த்து அக்கா அழுதாள். ஆனால் அங்கேயும் கடைசியில வாசல் உண்டு, கட்டிப்பிடிக்கிற பட்டன் உண்டு. எது நடந்தாலும் அந்தப் பட்டன் இருக்குன்னு நம்பிப் பழகிட்டு, அதுலுக்கு மட்டும் அது இல்லைன்னு தெரிஞ்சப்போ என் கட்டைவிரல் பழக்கத்துல அந்தப் பட்டன் மேலேயே இருந்தது. பயப்பட என்ன இருக்கும்னு கேட்டேன் இல்லையா? இதுதான்.

அடுத்த நாள் ராத்திரி. அம்மா பூண்டுத் தட்டோட வந்து உட்கார்ந்தாங்க. நானும் அக்காவும் முன்னாடியே பேசி வெச்சிருந்தோம், இன்னைக்கு வேற கேம் போடலாம்னு. நான் ஏதோ ஒரு கார் ரேஸ் போட்டேன். அம்மா ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க.

"ஏன்டா, அந்தப் படகைப் போடலையா?"

"அது அப்டேட் ஆகிட்டு இருக்கும்மா."

"அப்டேட்னா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பொய் சொல்றதுல அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை. அம்மா கேம் கார்டுப் பெட்டியைப் பார்த்தாங்க, எங்க ரெண்டு பேர் முகத்தையும் பார்த்தாங்க. "போடு"ன்னாங்க.

போட்டோம். படகு வந்தது. மான் முன்னாடியே போயிட்டது. வேற சில பேர் அங்கங்கே நின்னுக்கிட்டு இருந்தாங்க. அம்மா பூண்டு உரிக்கிறதை நிறுத்திட்டு டிவியைப் பார்த்தாங்க.

"அந்தத் தவளை எங்கடா?"

நான் சொன்னேன். விருந்து சாப்பிட்டதுக்கு அடுத்த நாள் காலையில இல்லைம்மா. அவரை அந்த வாசலுக்குக் கூட்டிட்டுப் போகலை. அவரே போயிட்டார். கேம்லயே அப்படித்தான் வெச்சிருக்காங்க. பக் இல்லைங்கிறதையும் சொன்னேன், ஏன் சொன்னேன்னு தெரியலை.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்னும் பேசலை. ஃபேன் சத்தம் மட்டும். அப்புறம் கேட்டாங்க:

"சாப்பிட்டுட்டுத்தானே போனான்?"

"ஆமாம்மா. எல்லாத்தையும் சாப்பிட்டார்."

"எல்லாரும் கூட இருந்தாங்க இல்ல?"

"இருந்தாங்கம்மா."

அம்மா தட்டைக் கீழே வெச்சாங்க. அப்போதான், ஒரு வருஷம் கழிச்சு, முதல் தடவையா கேட்டாங்க. "அன்னைக்கு நீ கொடுத்த டப்பாவை உள்ளே கொண்டுபோய்க் கொடுத்திருப்பாங்களாடா?"

கேட்ல வாங்கினவர் முகம் எனக்கு ஞாபகம் இருக்கு. முகம்னா கண்ணு மட்டும், மத்தது கவசம். கையில பதினஞ்சு இருபது டப்பா இருந்தது. பெயரை ஒரு தடவை சத்தமா வாசிச்சுப் பார்த்துட்டுத்தான் வாங்கினார். அதை அம்மாகிட்ட சொன்னேன். மாமா பெயரை வாசிச்சார்மா, வார்டு நம்பரையும் வாசிச்சார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். சாப்பிட்டிருப்பார்னு நான் சொல்லலை. சொல்லியிருக்கலாமோன்னு இன்னைக்கும் சில சமயம் தோணும்.

அம்மா அழுதாங்க. அக்கா பக்கத்துல போய் உட்கார்ந்தாள். நான் எழுந்து போய் டீ போட்டேன். பூனை வேலை.

இதுக்கப்புறம் எல்லாம் சரியாயிட்டதுன்னு நான் சொன்னால் அது சினிமா. கறி சமைக்க இன்னும் கொஞ்ச மாசம் ஆச்சு. ஆனால் மாமாவைப் பத்தி வீட்டில் பேச ஆரம்பிச்சோம். முக்கால்வாசி சாப்பாட்டுக் கதைதான். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் எழுந்து போனதும் அவர் இலையில இருந்த ஜாங்கிரியை எடுத்துத் தன் இலையில போட்டுக்கிட்டாராம். அவர் கை கழுவப் போகலை, இன்னொரு ஜாங்கிரி கேட்கத்தான் போயிருந்தார். அந்தக் கதை எனக்கு அதுவரைக்கும் தெரியாது.

கேமை நாங்க இன்னும் முடிக்கலை. கதை எப்படி முடியும்னு எனக்குத் தெரியும், மத்தவங்க விளையாடினதைப் பார்த்துட்டேன். கடைசியில ஸ்டெல்லாவும் பூனையும் ரெண்டு பேருமா அந்தச் சின்னப் படகில் ஏறணும். அக்கா பெங்களூருக்குத் திரும்பிப் போயிட்டாள். வரும்போதெல்லாம் ரெண்டு மணி நேரம் விளையாடுவோம், மீன் பிடிப்போம், அந்தக் கடைசிப் பயணத்தை மட்டும் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கோம். அவளும் கேட்கிறதில்லை, நானும் சொல்றதில்லை.

இந்தப் பொங்கலுக்கு வந்தப்போ படகில் இடம் பத்தலைன்னு அக்கா வீடுகளை எல்லாம் மாத்தி அடுக்கிக்கிட்டு இருந்தாள். அந்த கேம்ல அது டெட்ரிஸ் மாதிரி, ஒவ்வொன்னா தூக்கி வேற இடத்தில் வைக்கலாம். அதுலோட வீட்டைத் தூக்கினாள். அது சமையலறையை ஒட்டி இருந்தது. மேல் மாடிக்கு ஏத்தப் பார்த்தாள். அம்மா அடுப்படியில இருந்து கரண்டியோட எட்டிப் பார்த்தாங்க.

"அதை ஏன்டி தூக்குற? அங்கேயே இருக்கட்டும், சமையக்கட்டு பக்கத்துலயே."

வெச்சிட்டாள். ஆட்டுப் பட்டிதான் மாடிக்குப் போச்சு.

சரி மக்களே, விளையாட நினைக்கிறவங்களுக்கு: பிசி, ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் எல்லாத்துலயும் இருக்கு. தள்ளுபடி வரும்போது வாங்குங்க. ரெண்டு பேரா விளையாடுறதா இருந்தால் பூனையை எடுத்துக்கோங்க. அடுத்த வாரம் திரும்ப ஜாலியான விஷயம், செலஸ்ட் ஸ்பீட்ரன் பத்தி, பிராமிஸ். போயிட்டு வர்றேன்.